பயணிகள் கூடினால் புகையும் கூடுமா? பொத்துவில் தம்பி ஒருவருக்குப் பதில்

பொத்துவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "நாட்டின் காபன் உமிழ்வை 2030க்குள் குறைப்போம் என்று அரசாங்கம் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகளின் எண்ணிக்கையை ஆண்டுக்கு ஆண்டு கூட்டுவோம் என்றும் அதே வாயால் சொல்கிறது. இரண்டும் எப்படி ஐயா ஒன்றாக நடக்கும்? அறுகம்பையில் குடும்பக் காணியில் ஆறு அறைகளோடு ஒரு விடுதி கட்ட எண்ணியிருக்கிறேன். கூரையில் சோலார் போட்டுவிட்டால் என் பங்கு முடிந்துவிடுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது தம்பி. சோலார் போடுங்கள், நல்லது. ஆனால் உங்கள் விடுதியால் எழும் புகையில் அது தொடும் பகுதி சிறியது. ஹோட்டல்களின் மின்பட்டியலையும் டீசல் கணக்கையும் புரட்டிப் பார்த்து ஆலோசனை சொல்வதுதான் என் பிழைப்பு. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் பெரும்பாலான முதலாளிமார் சோலாரில் தொடங்கி சோலாரிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏன் அப்படி நிற்கக் கூடாது என்று சொல்வதற்கு முன், நாட்டின் கணக்குப் புத்தகத்தைக் கொஞ்சம் திறந்து பார்க்கவேண்டும்.

இலங்கை 2021இல் புதுப்பித்துக் கொடுத்த காலநிலை வாக்குறுதி 14.5 வீதம். அதில் நாமாகவே செய்வது 4 வீதம். வெளிநாட்டு உதவி கிடைத்தால் செய்வது 10.5 வீதம். எதிலிருந்து 14.5 வீதம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய அளவிலிருந்து அல்ல. எதுவும் செய்யாமல் விட்டால் 2030 வரை எவ்வளவு வெளியேறும் என்று ஒரு மதிப்பீடு போட்டு, அதிலிருந்து கழிப்பது. ஆகவே மொத்த உமிழ்வு கூடிக்கொண்டே போனாலும் வாக்குறுதியை நிறைவேற்றியதாகக் கணக்குக் காட்ட இடமுண்டு. இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். வளரும் நாடுகள் பலவும் இப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கின்றன, அதற்கு நியாயமும் இருக்கிறது. ஆனால் 'குறைப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் புகை இறங்கப்போகிறது என்று நாம் எண்ணிக்கொள்ளக் கூடாது.

அந்த ஆவணத்தில் துறைவாரியாக இலக்குகள் இருக்கின்றன. மின்சாரத்துக்கு 25 வீதம். போக்குவரத்துக்கு வெறும் 4 வீதம். கைத்தொழில், கழிவு, விவசாயம், வனம் என்று பட்டியல் நீளும். சுற்றுலா என்ற பெயரை அந்தப் பட்டியலில் தேடினால் கிடைக்காது. அதே ஆவணத்தின் மறுபாதியில், காலநிலை மாற்றத்தின் அடியைத் தாங்கிக்கொள்ள வேண்டிய துறைகளின் வரிசையில்தான் சுற்றுலா வருகிறது. அதாவது அரசாங்கத்தின் பார்வையில் சுற்றுலா அடி வாங்கும் துறை. அடிக்கும் துறை அல்ல.

உங்கள் விடுதியில் ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினால், அவர் அறைக் குளிரூட்டியின் புகை மின்துறைக் கணக்கில் போகும். அவர் வந்த வான் வண்டியின் புகை போக்குவரத்தில். தட்டில் அவர் விட்டுப்போன மீன் துண்டின் மெதேன் கழிவுத்துறையில். எல்லாம் பிரிந்துபோவதால், சுற்றுலா மட்டும் எவ்வளவு வெளியிடுகிறது என்று கேட்கவும் ஆளில்லை, பொறுப்பேற்கவும் ஆளில்லை. உலக அளவில் அதைக் கூட்டிப் பார்த்தவர்கள், மொத்த உமிழ்வில் சுமார் 8 வீதம் சுற்றுலாவோடு தொடர்புடையது என்று கண்டிருக்கிறார்கள். சின்னத் தொகை அல்ல.

இதில் மிகப் பெரிய துண்டு எந்த நாட்டின் கணக்கிலும் ஏறாமல் வானத்திலேயே நின்றுவிடுகிறது. நாடு விட்டு நாடு பறக்கும் விமானங்களின் எரிபொருள் தேசிய உமிழ்வுக் கூட்டுத்தொகையில் சேராது. தனிக் குறிப்பாக மட்டும் எழுதப்படும். 1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கையிலேயே அந்தப் பொறுப்பைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த அமைப்பு 2016இல், தம் புகைக்கு ஈடாக வேறிடத்தில் நடக்கும் குறைப்புக்கு விமான நிறுவனங்கள் காசு கொடுக்கும் ஒரு திட்டத்தை ஒப்புக்கொண்டது. அது பெரும்பாலான நாடுகளுக்குக் கட்டாயமாவது 2027இலிருந்துதான்.

இலண்டனிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர். சாதாரண வகுப்பில் போய்வரும் ஒருவரின் பங்குக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் காபனீரொட்சைட்டு விழும். கணக்கிடும் முறையைப் பொறுத்து அதைவிடக் கூடவும் வரும். இலங்கையில் ஒருவர் ஒரு வருடம் முழுக்கச் சமைத்து, பஸ் ஏறி, விளக்குப் போட்டு வாழ்வதால் வெளியாகும் காபனீரொட்சைட்டின் சராசரியும் ஒரு டன்னைச் சுற்றித்தான். ஏறாவூரில் ஒருவர் ஒரு வருடத்தில் விடும் புகையை இலண்டன்காரர் பாசிக்குடாவுக்கு ஒரு தரம் வந்துபோய் விட்டுவிடுகிறார். உலக உமிழ்வில் நம் நாட்டின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. இந்த நிலையில் நமக்கு எதற்கு இந்தத் தலையிடி என்று கேட்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. நியாயமான கோபம் அது. ஆனால் கோபப்படுவதால் விமான டிக்கெட் மலிவாகாது. ஐரோப்பிய ஒன்றியம் தன் விமான நிலையங்களில் நிரப்பும் எரிபொருளில் 2025 முதல் 2 வீதம், 2030இல் 6 வீதம், 2050இல் 70 வீதம் என்று மாற்று எரிபொருளைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது சாதாரண விமான எரிபொருளைவிடப் பல மடங்கு விலை. நெடுந்தூரப் பயணம் மெல்ல மெல்ல விலை ஏறும். உங்கள் விடுதி முப்பது வருடம் நிற்கவேண்டும் என்றால் இது உங்கள் வியாபாரக் கணக்கு. சூழலியல்காரரின் கவலை என்று ஒதுக்கிவைக்க முடியாது.

பயணிகளின் வருகை 2018இல் 23 லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் குண்டுகள் வெடித்தன, பிறகு பெருந்தொற்று, பிறகு 2022இன் எரிபொருள் வரிசை. அந்த வருடம் வந்தவர்கள் சுமார் 7 லட்சத்து 20 ஆயிரம் பேர். 2024இல் மறுபடி 20 லட்சத்தைக் கடந்தது. 2022இல் நாட்டின் புகையும் குறைந்தது. ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்சாரம் இல்லாமல், கியூ.ஆர். அட்டையோடு பெற்றோல் வரிசையில் நின்றால் குறையாமல் என்ன செய்யும்? அதையும் உமிழ்வுக் குறைப்பு என்று வரைபடத்தில் காட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பட்டினி கிடந்தவனை உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கிறான் என்று பாராட்டுவது போன்றது அது.

என் அபிப்பிராயம் இதுதான்: அரசாங்கம் தலைகளை எண்ணுவதை விட்டு இரவுகளை எண்ணவேண்டும். ஒருவர் ஏழு இரவு தங்கினாலும் இருபத்தொரு இரவு தங்கினாலும் விமானத்தின் புகை ஒன்றுதான். கட்டுநாயக்கவிலிருந்து வரும் வானின் புகையும் ஒன்றுதான். ஆனால் மூன்று மடங்கு நாட்கள் இடியப்பம் வாங்குவார், முச்சக்கரவண்டி ஏறுவார், அறைக்கு வாடகை கொடுப்பார். மூன்று பேரை ஒரு வாரத்துக்குக் கொண்டுவருவதைவிட ஒருவரை மூன்று வாரம் நிறுத்திவைப்பது நாட்டுக்கு அதே வருமானத்தை மூன்றில் ஒரு பங்கு பயணப் புகையோடு தரும். இந்த விஷயத்தில் அறுகம்பை பாசிக்குடாவைவிட முன்னால் நிற்கிறது. அலைச்சறுக்குக்கு வருபவர் பலகையைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாளில் ஓடிவிடுவதில்லை. வாரக்கணக்கில் கிடப்பார், மலிவான கபானாக் குடிலில் மின்விசிறியோடு தூங்குவார், காலையில் அலை சரியில்லை என்றால் நாளைக்கும் இருப்பார். பாசிக்குடாவின் நட்சத்திர ஹோட்டலுக்கு வருபவரோ பெரும்பாலும் சிகிரியா, கண்டி, யால என்று நாட்டைச் சுற்றும் வழியில் இரண்டு இரவு குளிரூட்டிய அறையில் இருந்துவிட்டு வானில் ஏறுபவர். தலைக்கு அவர் கூடுதலாகச் செலவழிப்பதாகச் சொல்வார்கள். அந்தக் காசில் எவ்வளவு கல்குடாவிலும் வாழைச்சேனையிலும் தங்குகிறது என்பது வேறு கதை.

நீண்ட நாள் தங்கவைக்க ஊரில் செய்வதற்கு ஏதாவது இருக்கவேண்டும். நம்மிடம் குறைவில்லை. குமண, லாகுகல யானைகள், பொத்துவில் களப்பில் துடுப்புப் படகு, ஒக்கந்த முருகன் கோயில், மட்டக்களப்பு வாவியில் நிலவு இரவில் மீன் பாடும் என்று சொல்லப்படும் கல்லடிப் பாலத்தடி, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஹேர்மிஸ். சுழியோடிகள் அந்தக் கப்பலுக்காகவே உலகத்தின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். இவற்றை ஒரே பயணத்தில் கோத்துக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு. மட்டக்களப்புக்காரர் பொத்துவிலைச் சொல்வதில்லை, பொத்துவில்காரர் மட்டக்களப்பைச் சொல்வதில்லை.

கிட்டத்துச் சந்தையையும் மறக்கக் கூடாது. இலங்கைக்கு வருபவர்களில் முதலிடம் இந்தியர்களுக்குத்தான். சென்னையிலிருந்து கொழும்புக்குப் பறந்து திரும்புபவரின் பங்கு சுமார் 150 கிலோ. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் 2023இல் தொடங்கி, நின்று, 2024இல் மறுபடி ஓடத் தொடங்கிய கப்பல் சேவையும் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு மட்டக்களப்பில் மொழிக் கஷ்டம் இல்லை, சாப்பாட்டுக் கஷ்டம் இல்லை. அப்படியிருந்தும் நம் விளம்பரப் பலகைகளில் இன்னும் பொன்னிற முடிதான் பறக்கிறது.

இனி உங்கள் விடுதிக்கு வருவோம். விமானம் உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பவற்றில் எது பெரிது என்று கிலோக் கணக்கில் பார்க்கலாம். பெருக்கல் கழித்தல் மட்டும்தான், பயப்படவேண்டாம்.

ஒரு அறையில் நவீன இன்வேர்ட்டர் குளிரூட்டி எட்டு மணிநேரம் ஓடினால் சராசரியாக ஆறு, ஆறரை யூனிட் எடுக்கும். நம் மின்சாரத்தில் நிலக்கரி, எண்ணெய், நீர், வெயில் எல்லாம் கலந்திருப்பதால் யூனிட்டுக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு மூன்று கிலோ.

அடுத்தது வான். கட்டுநாயக்கவிலிருந்து அறுகம்பைக்குச் சுமார் 320 கிலோமீட்டர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் டீசல் வான் 32 லீற்றர் குடிக்கும். இரண்டு பேரை இறக்கிவிட்டு அது பெரும்பாலும் வெறுமையாகத் திரும்புகிறது; இன்னொரு 32 லீற்றர். டீசல் லீற்றருக்கு 2.7 கிலோ. ஆக 170 கிலோவுக்கு மேல். உங்கள் ஒரு அறைக் குளிரூட்டி ஐம்பது இரவுக்கு மேல் ஓடினால் வரும் புகையை ஒரு வான் ஒரே பகலில் விட்டுவிடுகிறது. கூரையில் எத்தனை பனல் பதித்தாலும் இந்த வானை அது தொடாது.

ஐம்பது பேர் நிறைந்த ஒரு பஸ் அதே தூரத்தை ஓடினால் தலைக்கு ஐந்து கிலோ வரும். ரயிலும் அப்படித்தான், தலைக்குச் சில கிலோ. மட்டக்களப்புக்கு உதயதேவி இருக்கிறது, இரவு ரயிலும் இருக்கிறது. பாசிக்குடாவுக்குப் போகிறவர் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கினால் மிச்சம் ஒரு ஆட்டோத் தூரம். ஆனால் தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துபோகிறது. அதற்குத் தெற்கே, அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் முழுவதற்கும் ரயில் இல்லை. மட்டக்களப்பிலிருந்து காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கடலோரமாகவே இறங்கி, பொத்துவில் வரை சுமார் 110 கிலோமீட்டரைப் பஸ்ஸில்தான் கடக்கவேண்டும். பஸ் ஓடுகிறது. ஆனால் அலைச்சறுக்குப் பலகையை எங்கே வைப்பது, எந்த பஸ் எத்தனை மணிக்கு, கல்முனையில் மாறவேண்டுமா என்று ஒரு வெளிநாட்டுக்காரர் எங்கே போய்க் கேட்பார்? அதனால் வான் பிடிக்கிறார். இந்த ரயிலிலும் ஒரு வில்லங்கம் உண்டு: கல்லோயாவைச் சுற்றிய காட்டில் அது யானைகளை மோதிக் கொன்றிருக்கிறது. வேகத்தைக் குறைப்பதும் நேர அட்டவணையை மாற்றுவதும் நடக்காமல் ரயிலைப் பசுமை வாகனம் என்று விளம்பரப்படுத்தினால் நாளைக்கு நமக்கே வெட்கம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். வார இறுதியில் பாட்டுப் போட்டுக்கொண்டு, பெரிய சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு பாசிக்குடாவுக்கு வரும் உள்ளூர் சுற்றுலா பஸ்ஸைப் பார்த்து ஹோட்டல்காரர்கள் முகம் சுழிப்பார்கள். தலைக்கு எவ்வளவு புகை என்று கேட்டால் அந்தக் கடற்கரையில் ஆகக் குறைவாக விட்டவர்கள் அந்த பஸ்ஸில் வந்தவர்கள்தான். ஆடி மாதத்தில் திருக்கோவில், ஒக்கந்த, குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தே போகும் பாதயாத்திரைக்காரரை இந்தப் போட்டியில் சேர்க்கவே முடியாது.

வானைவிடப் பெரிய ஒன்று உங்கள் அறைச் சுவருக்கு வெளியே தொங்கப்போகிறது. குளிரூட்டியின் உள்ளே ஓடும் வாயுவைச் சொல்கிறேன். பழைய, நடுத்தர வயதுக் குளிரூட்டிகளில் ஆர்-410ஏ என்ற வாயு இருக்கும். காற்றில் கலந்தால் அது காபனீரொட்சைட்டைவிட 2,000 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஒரு சின்ன அறைக் குளிரூட்டியில் ஏறத்தாழ ஒரு கிலோ வாயு இருக்கிறது. அது முழுதும் கசிந்துபோனால் இரண்டு டன். முன்னே சொன்ன இரவுக்கு மூன்று கிலோ மின்சாரப் புகையோடு ஒப்பிட்டால் அறுநூறுக்கும் மேற்பட்ட இரவுகள்!

நம் கரையோரத்தில் அது கசியாமல் இருப்பதுதான் அபூர்வம். கடலைப் பார்த்துப் பொருத்திய வெளிப்பெட்டியை மூன்றாவது வருடம் கழற்றிப் பாருங்கள். அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே வெள்ளை மாவாக உதிரும். செப்புக் குழாயின் வளைவுகளில் பச்சை பூத்திருக்கும். அந்தப் பச்சைக்கு அடியில் ஊசிமுனையளவு ஒரு துளை. குளிர் குறைந்ததும் முதலாளி மெக்கானிக்கைக் கூப்பிடுவார். மெக்கானிக் துளையைத் தேடமாட்டார், தேடினால் அரைநாள் போய்விடும். வாயுவை நிரப்பிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு போவார். அடுத்த சீசனில் மறுபடி வருவார். அந்த ஹோட்டலின் வரவேற்பறையில் 'பிளாஸ்ரிக் உறிஞ்சுகுழல் தவிர்ப்போம்' என்று அழகான பலகை தொங்கும். உறிஞ்சுகுழலைத் தவிர்ப்பது கடலாமைக்கு நல்லது, நான் மறுக்கவில்லை. ஆனால் பின்சுவரில் வருடத்துக்குப் பல டன் போய்க்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி யாரும் பலகை எழுதுவதில்லை.

2016இன் கிகாலி திருத்தத்தின்படி இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க உலகம் ஒப்புக்கொண்டது. இலங்கையும் ஏற்று, 2024 முதல் உச்சவரம்புக்குள் வந்துவிட்டது. நீங்கள் புதிதாக வாங்குவதால் ஆர்-32 உள்ளதைக் கேளுங்கள்; அது வெப்பத்தைப் பிடித்துவைப்பது ஆர்-410ஏயில் மூன்றில் ஒரு பங்குதான். கடற்காற்றுக்கான பூச்சுள்ள வெளிப்பெட்டியாக எடுங்கள். அதைக் கடல் பக்கம் வைக்காமல் நிலப்பக்கச் சுவரில் வையுங்கள். கிழமைக்கொரு தரம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். கழற்றும்போது வாயுவைக் காற்றில் திறந்துவிடாமல் மீட்டெடுக்கும் கருவி வைத்திருக்கும் மெக்கானிக்கை மட்டும் வேலைக்கு எடுங்கள். அவர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், கொடுங்கள்.

குளிரூட்டியே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் மூன்று மணிக்குப் பொத்துவிலில் நின்றவருக்கு அந்த உபதேசம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. நம் சீசன் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை என்பதால், கச்சான் அடிக்கும் நாட்களும் அறை நிறையும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. ஆனால் கொங்கிரீட் தட்டுக் கூரை போட்டுவிட்டு அந்த வெப்பத்தைக் குளிரூட்டியால் இறைத்துக்கொண்டிருப்பது உங்கள் தாத்தா செய்யாத வேலை. ஓட்டுக்கூரை, அதன்மேல் கிடுகு, நாலு அடி இறக்கிய தாழ்வாரம், எதிரெதிராக இரண்டு ஜன்னல், முற்றத்தில் வேம்பு. இவை இருந்தால் இரவு பத்து மணிக்குப் பிறகு பல விருந்தினர் தாமாகவே மின்விசிறிக்கு மாறுகிறார்கள்.

இப்போது சோலார். ஐந்து கிலோவோட் பனல் நம் வெயிலில் நாளுக்கு இருபது யூனிட்டைச் சுற்றித் தரும். ஆறு அறைக் குளிரூட்டிக்கு இரவொன்றுக்கு நாற்பது யூனிட் போகும் என்று முன்னே பார்த்தோம். அளவு போதாதது ஒரு பிரச்சினை. நேரம் பொருந்தாதது அதைவிடப் பெரிய பிரச்சினை. மின்சார சபை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையுள்ள நேரத்தை உச்ச நேரம் என்கிறது. பெரிய ஹோட்டல்களின் பட்டியலில் அந்த நாலு மணிநேரத்துக்குத் தனி விலை, ஆகக் கூடிய விலை. விருந்தினர் கடலில் குளித்துவிட்டு வந்து அறையைக் குளிரவைப்பது சரியாக அந்த நேரத்தில். அப்போது வெயில் இல்லை. நுரைச்சோலையின் 900 மெகாவோட் நிலக்கரியும் எண்ணெயில் ஓடும் நிலையங்களும்தான் சுமையைத் தாங்குகின்றன. பகலில் நிலைமை தலைகீழ். 2025 பெப்ரவரியில் நாடு முழுக்க இருளில் மூழ்கிய பிறகு, அந்த வருடச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலார் வைத்திருப்பவர்களைப் பகலில் அணைத்துவைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது. தேவை குறைந்த நாளில் வெயில் மின்சாரம் மிதமிஞ்சி, வலையமைப்பு தள்ளாடியது. 2030இல் 70 வீதம் மீளுருவாக்க மின்சாரம் என்று இலக்கு வைத்திருக்கும் நாட்டில், கிடைக்கும் வெயிலை வேண்டாம் என்று சொல்லவேண்டிய நிலை.

ஆகவே பனலோடு சேர்த்து, பகல் மின்சாரத்தைப் பகலிலேயே தின்னும் வேலைகளை வைத்துக்கொள்ளுங்கள். துணி துவைப்பது, தண்ணீர் இறைப்பது, மீனுக்கு ஐஸ் உறையவைப்பது, வெந்நீர் காய்ச்சுவது எல்லாம் காலை பத்திலிருந்து மூன்றுக்குள். பற்றரி விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு அறைக்குப் போதுமான சின்னப் பற்றரியோடு தொடங்கினாலும் மின்வெட்டு நேரத்தில் ஜெனரேட்டர் போடவேண்டியதில்லை. சின்ன டீசல் ஜெனரேட்டர் யூனிட்டுக்கு மின்சார சபையைவிட மோசமாகப் புகை விடும். சத்தத்துக்கு விருந்தினரும் ஓடிப்போவார்கள்.

குப்பையைப் பற்றி நீட்டத் தேவையில்லை, அம்பாறை மாவட்டத்தில் எல்லோரும் பள்ளக்காட்டை அறிவார்கள். கரையோர ஊர்களின் குப்பை அங்கே கொட்டப்பட்டு, பிளாஸ்ரிக் தின்ற யானைகள் எட்டு வருடத்தில் இருபதளவில் செத்த செய்தி 2022 ஜனவரியில் உலகம் முழுக்கப் போனது. யானை கண்ணுக்குத் தெரிந்தது. அழுகும் சாப்பாட்டிலிருந்து எழும் மெதேன் தெரிவதில்லை. அது காபனீரொட்சைட்டைப்போல 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆறு அறை விடுதியின் சமையல் கழிவு ஒரு உரக்குழிக்கோ வீட்டு அளவு பயோகாஸ் தொட்டிக்கோ அடங்கும்.

கண்டல் மரம் நட்டு ஈடுகட்டலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் பதாகை பிடித்து, சேற்றில் இறங்கிக் கன்று நட்டுப் படம் எடுக்காத நிறுவனம் இல்லை. சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நடந்த கண்டல் மீள்நடுகைகளை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் உருப்பட்டது 200 ஹெக்டேயரளவு. தவறான இனத்தைத் தவறான இடத்தில் நட்டது, தண்ணீர் மட்டம் பார்க்காதது, மாடு மேய்ந்தது, நட்டவர்கள் திரும்பி வராதது என்று காரணங்கள் சாதாரணமானவை. நம் வாவியில் முகத்துவாரம் அடைபடுவதையும் வெட்டப்படுவதையும் பொறுத்துத் தண்ணீர் ஏறி இறங்கும். மாரியில் நட்ட கன்று கோடையில் வறண்ட மண்ணில் நிற்கும். இருக்கும் கண்டல் காட்டை இறால் பண்ணைக்கும் ஹோட்டல் மதிலுக்கும் வெட்டாமல் காப்பது, நடுவதைவிட மலிவும் நிச்சயமும் ஆனது. அதில் படம் எடுக்க ஒன்றும் கிடைக்காது.

பூட்டானைப்போல இரவுக்கு 100 டொலர் வரி வைத்துக் கூட்டத்தைக் குறைக்கலாம் என்று கொழும்பில் அவ்வப்போது யாராவது பேசுவார்கள். அது நட்சத்திர ஹோட்டலுக்குத் தாங்கும். மூவாயிரம் ரூபாய் கபானாவில் மூன்று வாரம் கிடக்கும் அலைச்சறுக்குக்காரரைத்தான் முதலில் துரத்தும், அதாவது இரவுக்கு ஆகக் குறைந்த புகை விடுபவரை. வரி வைப்பதென்றால் விமானத்தில் வந்து இறங்கும்போது ஒரு தரம் வையுங்கள். தங்கும் இரவுக்கு வைக்காதீர்கள்.

இவ்வளவும் செய்தாலும் கடல் சூடாவது நின்றுவிடாது என்பது எனக்கும் தெரியும். பாசிக்குடாவின் முருகைக்கற்பாறைகள் 2016இல் வெளுத்தன. அந்த வெப்பம் வாழைச்சேனை மீனவரால் வந்ததில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளியைப் பார்த்த வயது உங்களுக்கு இல்லை. 2004ஐக் குழந்தையாகப் பார்த்திருப்பீர்கள். ஆகவே காணியின் கடல் முனையில் கட்டவேண்டாம். கரையோரம் பேணல் திணைக்களம் சொல்லும் தூரத்துக்கும் பின்னால் தள்ளிக் கட்டுங்கள், முன்னால் இருக்கும் மணல்மேட்டையும் அடம்பன் கொடியையும் கிளறாதீர்கள். காட்சி கொஞ்சம் குறையும், கட்டடம் நிற்கும்.

காசு குறைவென்றால் வரிசை இப்படி வையுங்கள் தம்பி: முதலில் கூரையும் தாழ்வாரமும், பிறகு நல்ல வாயுவுள்ள குளிரூட்டி, பிறகு பனல். காசே தேவைப்படாத ஒன்றை நாளைக்கே செய்யலாம். அறை பதிவு செய்பவருக்குப் போகும் பதிலில் வான் கட்டணத்துக்கு மேலே நாலு வரி சேருங்கள்: கொழும்புக் கோட்டையில் மட்டக்களப்பு ரயில் எத்தனை மணிக்கு, டிக்கெட்டை எப்படி முன்பதிவு செய்வது, மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் பஸ் எங்கே எப்போது, பலகையை எங்கே கட்டலாம். பொத்துவில் பஸ் நிலையத்துக்கு உங்கள் முச்சக்கரவண்டியை இலவசமாக அனுப்புவதாகவும் எழுதுங்கள். பத்துப் பேரில் மூன்று பேர் அப்படி வந்து, அப்படியே திரும்பினாலும், ஐந்து கிலோவோட் பனல் ஒரு மாதத்தில் மிச்சம்பிடிப்பதை அந்த மூன்று பேரே மிச்சம்பிடித்துத் தந்துவிடுவார்கள். பஸ் நேரம் மாறினால் அந்த நாலு வரியையும் உடனே மாற்ற மறந்துவிடாதீர்கள். கல்முனையில் பலகையோடு இரண்டு மணிநேரம் நின்றவர் அடுத்த முறை வானில்தான் வருவார்.